நகைப்பில் மறைந்த நோவு: எட்வர்ட் லியரின் வாழ்வு

பிறரைச் சிரிக்க வைத்தவர்கள் எல்லாரும் தாம் சிரித்து வாழ்ந்தவர்கள் அல்லர். இவ்வுண்மைக்கு உலக இலக்கியத்தில் சான்றுகள் பல உண்டு. அவற்றுள் சிறந்ததொன்று ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமாகிய எட்வர்ட் லியரின் வாழ்வு. ஆந்தையும் பூனையும் பச்சைப் படகேறிக் கடல் கடந்து மணம் புரிந்துகொண்ட கதையைப் பாடியவர் அவர். லிமெரிக் எனப்படும் ஐந்தடிச் சிரிப்புப் பாவினை உலகறியச் செய்தவரும் அவரே. ஆங்கிலம் பயிலும் குழந்தைகள் இன்றும் அவர் பாடல்களைப் பாடி மகிழ்கின்றனர். ஆயினும் அவர் தம் ஐந்தாறு வயது முதல் இறுதிக்காலம் வரை வலிப்பு நோயுடன் வாழ்ந்தவர் என்பதையும், அந்நோயை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உலகின் கண்களிலிருந்து மறைத்தே வாழ்ந்தவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவர் வாழ்வை அந்நோயின் வழி நின்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

லண்டன் மாநகரின் வடபால் உள்ள ஹாலோவே என்னும் பகுதியில் 1812ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் லியர் பிறந்தார். பெற்றோருக்கு 21 பிள்ளைகள். அவர்களுள் இவர் 20ஆவது பிள்ளை என்பர். தந்தையார் ஜெரமையா லியர் பங்குத் தரகர். நெப்போலியப் போர்களுக்குப் பின் ஏற்பட்ட பொருளாதாரத் தளர்ச்சியில் அவர் செல்வம் கரைந்தது, குடும்பம் சிதறியது. நான்கு வயதுச் சிறுவனாகிய லியரை வளர்க்கும் பொறுப்பு, அவரைவிட 21 ஆண்டுகள் மூத்தவராகிய தமக்கை ஆனிடம் வந்து சேர்ந்தது. தாய் உயிருடன் இருந்தும் லியருக்குத் தாயாக விளங்கியவர் அத்தமக்கையே. எழுத்தும் ஓவியமும் அவரிடமே பயின்றார். முறையான பள்ளிக் கல்வி அவருக்குப் பெரிதும் வாய்க்கவில்லை.

மூச்சிரைப்பும் நெஞ்சுச் சளியும் அச்சிறுவனை வாட்டின. கண் பார்வையும் குறைவு. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஐந்தாறு வயதில் வலிப்பு வரத் தொடங்கியது. உடன்பிறந்தாளாகிய ஜேனுக்கும் அந்நோய் இருந்தது. தமக்கு வரும் துன்பம் எத்தன்மையது என்பதை அவளைப் பார்த்தே அச்சிறுவன் அறிந்துகொண்டான். ஏழு வயதளவில் காரணமற்ற துயரமும் அவனைப் பற்றத் தொடங்கிற்று. பின்னாளில் லியர் தம் நோய்க்கும் துயருக்கும் தனித்தனியே பெயர் சூட்டிக்கொண்டார். வலிப்புக்கு அவர் வைத்த பெயர் பேய் என்பதாகும்.

நோயும் பேயும்

இப்பெயர் தமிழ் பயில்வோராகிய நமக்குப் புதிதன்று. நம் மொழியில் இந்நோய்க்கு முயலகன் என்றொரு பெயர் உண்டு. முயலகன் என்பது ஒரு பூதத்தின் பெயர். கொல்லி மழவன் என்னும் மன்னனின் மகள் முயலகன் நோயால் உணர்விழந்து கிடந்ததையும், திருப்பாச்சிலாச்சிராமத்தில் ஞானசம்பந்தர் பதிகம் பாட அந்நோய் நீங்கியதையும் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். நல்ல நிலையில் இருந்த ஒருவர் நொடிப்பொழுதில் நினைவிழந்து வீழ்வதையும், கைகால் வெட்டி இழுப்பதையும், பின்னர் ஒன்றும் நிகழாதது போல் எழுவதையும் கண்ட பழங்கால மக்கள், புறத்தேயிருந்து ஏதோ ஒன்று உட்புகுந்து ஆட்டுவதாக எண்ணியதில் வியப்பில்லை.

ஆயினும் அவ்வெண்ணத்தை மறுத்த அறிஞரும் பண்டே இருந்தனர். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன், ஹிப்பாக்கிரட்டீசின் மரபினர் இந்நோய் தெய்வத்தாலோ பேயாலோ வருவதன்று, மூளையிலிருந்து வருவதே என்று எழுதினர். இஸ்லாமிய உலகின் மருத்துவ மேதை இப்னு சீனாவும் தம் கானூன் என்னும் பெருநூலில் இதனைத் தலையைச் சார்ந்த நோய்களுள் வைத்தே ஆராய்ந்தார். அறிவு அன்றே வழிகாட்டியிருந்தும், மக்கள் மனத்திலிருந்து பேய் எளிதில் இறங்கவில்லை. லியர் வாழ்ந்த 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மருத்துவர் பலர் இந்நோயை ஒழுக்கக் குறைவோடும் மனத்திண்மையின்மையோடும் தொடர்புபடுத்தினர். நோயாளிகள் பலர் பித்தர்க்குரிய இல்லங்களில் அடைக்கப்பட்டனர். லியர் தம் நோயை ஏன் மறைத்தார் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

தூரிகையே துணை

பதினைந்து பதினாறு வயதிலேயே படம் வரைந்து விற்றுப் பிழைக்க வேண்டிய நிலை லியருக்கு ஏற்பட்டது. லண்டன் விலங்கியல் கழகத்தின் கிளிக் கூடங்களுக்குச் சென்று, உயிருள்ள பறவைகளைப் பார்த்தே வரைந்தார். 1830 முதல் 1832 வரை அவர் வெளியிட்ட கிளிகளின் படத்தொகுதி 42 வண்ணப் படங்களைக் கொண்டது. தொடங்கும்போது அவர்க்கு வயது 18. ஒவ்வோர் இறகின் வரியையும் கல்லச்சுக் கல்லின்மேல் நுணுக்கமாக வரைந்த அப்பணி, பறவை ஓவிய வரலாற்றில் அவருக்கு நிலைத்த இடத்தைத் தேடித் தந்தது.

அத்தொகுதியைக் கண்ட டெர்பி பிரபு குடும்பத்தினர், நோவ்ஸ்லி மாளிகையில் தாம் வளர்த்த விலங்குகளையும் பறவைகளையும் வரைய லியரை அழைத்தனர். அம்மாளிகையின் குழந்தைகளைச் சிரிக்க வைப்பதற்காகவே அவர் ஐந்தடிப் பாக்களைப் புனைந்து, அவற்றுக்குக் கோணல்மாணலான படங்களையும் வரைந்தார். நீண்ட மூக்கினர், தாடியில் பறவைகள் கூடு கட்டப்பெற்ற முதியவர், ஊராரால் ஒதுக்கப்பட்ட விந்தை மனிதர் என அப்பாக்களில் வருவோர் பலரும் மற்றவரினின்றும் வேறுபட்டவர்கள். அவர்களை நோக்கி ஊரார் வியப்பதும் வெகுள்வதும் விரட்டுவதும் அப்பாக்களில் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றன. தம் வேறுபாட்டை வெளிக்காட்ட அஞ்சிய ஒருவரின் உள்ளம், சிரிப்பென்னும் போர்வையில் அங்கே பேசுகின்றது என்பது நம் கருத்து. இப்பாக்களின் முதல் தொகுதி 1846இல் புனைபெயரில் வெளிவந்தது. அதே ஆண்டில் விக்டோரியா அரசியாருக்கு ஓவியம் கற்பிக்கும் பேறும் லியருக்கு வாய்த்தது.

கண்ணும் ஒளியும்

நுணுக்க வேலை கண்ணைத் தின்றது. லண்டன் புகைமூட்டம் மூச்சைத் தின்றது. எனவே 1837இல் அவர் இங்கிலாந்தை விட்டு ரோமாபுரிக்குச் சென்றார். அது முதல் அவர் வாழ்வின் பெரும்பகுதி நடுநிலக்கடல் நாடுகளிலேயே கழிந்தது. இறகுகளை விடுத்து மலைகளையும் சமவெளிகளையும் வரையலானார். இத்தாலி, கிரேக்கம், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம் என அவர் கால் படாத இடம் அப்பகுதியில் அரிது. பேத்ரா என்னும் பழம்பாறை நகரையும் புனித நகராகிய ஜெருசலேத்தையும் 1858இல் கண்டு வரைந்தார். விடியுமுன் எழுவதும், நெடுந்தொலைவு நடப்பதும், வெளிச்சம் உள்ளவரை வரைவதும் அவர் வழக்கம். வெளிச்சமே அவர் தொழிலின் முதல். கண்ணோ என்றும் பழுதுற்றது. இம்முரண்பாட்டுக்கிடையே ஆயிரக்கணக்கான நிலக்காட்சிகளை அவர் வரைந்து குவித்தார்.

நாட்குறிப்பிலே பெருக்கற்குறி

1858 முதல் லியர் எழுதிய நாட்குறிப்புகள் 30 தொகுதிகளாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் காக்கப்பெற்று வருகின்றன. எழுந்த நேரம், நடந்த தொலைவு, உண்ட உணவு, விற்ற படம், கண்ட நண்பர் எல்லாம் அவற்றில் உண்டு. அவற்றிடையே சில நாள்களின் ஓரத்தில் ஒரு சிறு பெருக்கற்குறி காணப்படும். சிலபோது அதனருகே ஓர் எண்ணும் இருக்கும். ஆய்வாளர்கள் இக்குறிகளை ஆராய்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அவை வலிப்பு வந்த நாள்களின் குறிகள். சில மாதங்களில் பத்துக்கும் மேற்பட்ட முறை அந்நோய் அவரை வீழ்த்தியிருக்கின்றது.

வலிப்பு வருமுன் அவர் உடலில் ஒரு முன்னறிவிப்புத் தோன்றும். அதனை உணர்ந்தவுடன் விருந்தாயினும் உரையாடலாயினும் விட்டெழுந்து தம் அறைக்குச் சென்றுவிடுவார். கதவு சாத்தப்படும், நிகழ்வது நிகழும், பின்னர் மீண்டும் வந்து நகைச்சுவை பேசுவார். அருகிருந்தோர் அவரை எளிதில் சோர்பவர், தனிமை விரும்பி என்று மட்டுமே எண்ணினர். முன்னறிவிப்பு என்னும் அச்சிறு கால இடைவெளியை மதிலாகக் கொண்டு ஒரு வாழ்நாள் முழுவதையும் அவர் காத்துக்கொண்டார். இது எளிய செயலன்று.

நோய்க்கான காரணத்தை அவர் தம்மிடமே தேடினார். தம் மனத்திண்மை போதவில்லையோ என்று தம்மையே நொந்துகொண்டார். ஆயினும் இத்தனை ஆண்டு நோயிலும் தம் அறிவு கெடாமல் நின்றது இடையறாத உழைப்பினால்தான் என்றும் அவர் கருதினார். உழைப்பு நோயைத் தீர்க்கவில்லை; ஆனால் நோயாளி என்னும் ஒரே அடையாளத்துக்குள் அவர் முடங்கிவிடாமல் காத்தது.

மறைத்ததன் விலை

மறைவு அவரைக் காத்தது. அதுவே அவரிடம் பெருவிலையும் பெற்றது. தமக்கை ஆன் 1861இல் மறைந்தபின் மனந்திறந்து இத்துன்பத்தைப் பேசுதற்கு அவருக்கு ஆள் இல்லை. கவிஞர் டென்னிசனின் குடும்பத்தினர், பிராங்கிளின் லஷிங்டன், சிச்செஸ்டர் பார்ட்டெஸ்கியூ எனச் சிறந்த நண்பர்கள் இருந்தும், இவ்வொன்றை மட்டும் அவர்களிடமிருந்து ஒளித்தார்.

அகஸ்டா பெத்தெல் என்னும் நங்கையிடம் அவர் உள்ளம் சென்றது. மணம் கேட்கலாமா என்று 1860களில் பலகாலம் தயங்கினார். அவள் உடன்பிறந்தாளிடம் கருத்துக் கேட்டபோது அவர் ஊக்கம் தரவில்லை. லியரும் அத்தோடு அடங்கிவிட்டார். வருவாய் நிலையின்மை, வயது வேறுபாடு எனப் பிற காரணங்களும் இருந்தன. எனினும் கணவனாயின் கதவைச் சாத்திக்கொள்ள இயலாது என்னும் அச்சம் அத்தயக்கத்தின் அடியில் இருந்திருக்கும் என்று கருதுதல் பிழையாகாது. அவர் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. 1871இல் வெளிவந்த அவர் தொகுதியில் ஆந்தையும் பூனையும் யாரும் தடுப்பாரின்றி மணம் புரிந்து நிலவொளியில் ஆடுகின்றன. வாழ்வில் கிட்டாததைப் பாட்டில் வைத்தார் போலும்.

தமிழ் மண்ணில் லியர்

1873 நவம்பரில், தம் 61ஆம் வயதில், அரசுப் பிரதிநிதியாக விளங்கிய நார்த்புரூக் பிரபுவின் அழைப்பின்பேரில் லியர் பம்பாயில் வந்திறங்கினார். கூட வந்தவர் அவரிடம் 1856 முதல் பணிபுரிந்த ஜியார்ஜியோ கோக்காலி. வடக்கே கஞ்சன்ஜங்காவை வரைந்த பின், 1874இல் தெற்கே திரும்பினார். சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், குன்னூர் ஆகிய ஊர்கள் அவர் வரைதாளில் இடம்பெற்றன. பின்னர் மலையாளக் கரைக்கும் இலங்கைக்கும் சென்றார். இலங்கையில் கோக்காலி கடும் வயிற்றுக்கடுப்பில் வீழ்ந்தபோது, எசமானராகிய லியரே செவிலியராக நின்று காத்தார். தம் நோயைப் பிறர் அறியவொட்டாத அவர், பிறர் நோய்க்கு அருகிருந்து துணை செய்தமை கருதத்தக்கது.

நல்ல சாலையும் ஊர்தியும் அரிதான அக்காலத்தில், வெயிலும் மழையும் பாராமல், வலிப்பு எப்போது வரும் என்று அறியாத நிலையில், அவர் ஓராண்டுக்கும் மேலாக இந்நிலப்பரப்பில் அலைந்து 2000 அளவில் படங்கள் வரைந்தார் என்பர். இந்நோயினர் ஒன்றுக்கும் உதவார் என்று கூறுவோர்க்கு இது ஒன்றே விடையாகும். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த எல்லைப்புற முஸ்லிம் பெரியார், சுவாத்தின் அகுந்து எனப்பட்டவர், பெயரைக் கேட்டு அவர் வேடிக்கையாகப் புனைந்த பாட்டும் 1877ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்றது.

ஒளியே பகையானது

1871 முதல் இத்தாலியின் சான்ரெமோ நகரில் லியர் சொந்த வீடு கட்டி வாழ்ந்தார். ஓவிய அறைக்குக் கடலை நோக்கிய நல்ல வெளிச்சம் கிடைக்குமாறு அமைத்திருந்தார். சில ஆண்டுகளில் வீட்டின் முன் பெரியதொரு விடுதி எழுந்தது. கடல் மறைந்தது; அதன் வெண்சுவரில் பட்டுத் தெறித்த கூரொளி ஓவிய அறையைப் பாழாக்கியது. தளர்ந்த கண்ணோடு அவ்வொளியில் வேலை செய்ய இயலவில்லை. எழுபதை நெருங்கிய அகவையில் வேறோர் இடத்தில் அதே அமைப்பில் மற்றொரு வீடு கட்டி 1881இல் குடிபுகுந்தார். 1883இல் கோக்காலி மறைந்தார். 1888 சனவரி 29ஆம் நாள் லியரும் சான்ரெமோவில் உயிர்நீத்தார்.

இன்றைய அறிவு

லியர் வாழ்ந்த காலத்திலேயே மருத்துவம் விழிக்கத் தொடங்கியது. 1857இல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்னும் மருத்துவர் பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் குறைப்பதை எடுத்துரைத்தார். 1912இல் பீனோபார்பிட்டால் பயனுக்கு வந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். வலிப்பு என்பது மூளை நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒருங்கே மின்னோட்டம் எழுப்புவதன் விளைவே, பேயன்று என்பது இன்று ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகியுள்ளது.

சிலருக்கு ஒளியே தூண்டுகோல் ஆவதுண்டு. வலிப்பு நோயினருள் நூற்றுக்கு மூவர் அளவில் இவ்வொளியுணர்வு காணப்படும். சிறுவரிடத்தும் இளையோரிடத்தும் இது மிகுதி. நொடிக்கு 3 முதல் 30 முறை வரை, சிறப்பாக 15 முதல் 25 முறை வரை, மினுக்கும் ஒளி இவர்களுக்குத் தீங்கானது. 1997 டிசம்பர் 16ஆம் நாள் ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் சித்திரத் தொடரில் சிவப்பும் நீலமும் மாறிமாறி விரைந்து மினுக்கிய காட்சியால் ஏறத்தாழ 685 பேர், பெரும்பாலும் சிறுவர், மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திருமண மண்டபத்து மினுக்கு விளக்கும், மரவரிசை நடுவே பேருந்து விரையும்போது இலையிடை வந்து வந்து மறையும் வெயிலும் இவ்வகையினவே. அத்தகைய ஒளி எதிர்ப்பட்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முற்றும் மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் நலம். தொலைக்காட்சியை வெளிச்சமுள்ள அறையில், தள்ளியிருந்து காண வேண்டும்.

ஆயின் பெரும்பாலோர்க்குத் தூண்டுகோலாவன வேறு. உறக்கமின்மை, மாத்திரை தவறுதல், காய்ச்சல், மது, மிகுந்த களைப்பு ஆகியவையே அவை. தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்துப் படிக்கும் மாணவர் இதனை நினைவிற் கொள்க. ரமலான் மாதத்தில் ஸஹர் உணவுக்கு எழுவதால் உறக்கமும் மாத்திரை நேரமும் மாறும்; எனவே வலிப்பு மாத்திரை உண்போர் நோன்பு தொடங்குமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் இன்றியமையாதது. தாமாக மாத்திரையை நிறுத்துதல் பேரிடர்.

வலிப்பு வந்து வீழ்ந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. பற்களிடையே எதனையும் செருகலாகாது, தண்ணீர் புகட்டலாகாது, இழுக்கும் கைகாலை அழுத்திப் பிடிக்கலாகாது. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றித் தலைக்கடியில் மென்துணி வைத்து, உடலைப் பக்கவாட்டில் கிடத்தி, நினைவு திரும்பும்வரை உடனிருத்தலே செய்யத்தக்கது. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கது

லியரின் நோய்க்கு அன்று நல்ல மருந்தில்லை; நமக்கு உண்டு. மாத்திரையை முறையாக உண்போருள் பத்தில் ஏழு பேர் அளவில் வலிப்பின்றி வாழ இயலும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. அன்று இந்நோயினரைச் சட்டமும் ஒதுக்கியது. நம் நாட்டுத் திருமணச் சட்டங்களில் மணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்த வலிப்பு என்னும் சொல் 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. மருந்து வந்துவிட்டது, சட்டம் மாறிவிட்டது. மாறாதிருப்பது சாத்திய கதவு ஒன்றே. பெண்ணைப் பெற்றோர் சம்பந்தம் கெடும் என்றஞ்சி மகளின் மாத்திரைப் பட்டையை அரிசிப் பானைக்குள் ஒளிக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. கணவன் வீட்டார் அறியாமல் மாத்திரையைத் தவறவிட்டு, அதனாலேயே வலிப்புற்று வீழும் பெண்களும் உண்டு. மறைத்தலே தூண்டுகோலாகும் கொடுமை இது.

லியர் தம் நோயை ஒரு சிறு பெருக்கற்குறிக்குள் அடக்கி வைத்தார். அதற்குமேல் எழுத அவர் காலம் அவருக்கு இடம் தரவில்லை. நம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் தம் நோயைத் தோழரிடமும் ஆசிரியரிடமும் அச்சமின்றிச் சொல்லக்கூடிய நிலையை உருவாக்குவது அரிய செயலன்று. கேட்கும் செவியும், கேட்டபின் மாறாத முகமும் இருந்தாலே போதும். மாணவரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் இதனை மனங்கொள்வராயின், லியரின் வாழ்வைக் கற்றதன் பயன் நமக்குக் கிட்டியதாகும்.